பீட்மேட்ச்சிங்: தாளம் சேர்த்தல்

டி.ஜே. மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்திய மறுநாள், பல மாதங்களாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பழகியிருந்த இரண்டு பாடல்களை ஓடவிட்டேன். திரையில் இரண்டின் வேகமும் நிமிடத்துக்கு 128.00 அடி என்றே இருந்தது. அலைவடிவங்களின் மேல் நிற்கும் செங்குத்துக் கோடுகளும் ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக நின்றன. ஆனால் 'தம், தம்' என்று ஒற்றை அடியாக விழ வேண்டிய கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 'தத்தம், தத்தம்' என்று இரட்டித்துக் கேட்டது. கண்ணுக்குச் சேர்ந்திருந்த தாளம் காதுக்குச் சேரவில்லை. பீட்மேட்ச்சிங் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல் எதை எதோடு சேர்ப்பதைக் குறிக்கிறது என்று அன்றைக்குத்தான் நின்று யோசித்தேன்.

ஓடிக்கொண்டிருக்கும் பாடலின் வேகத்தோடு அடுத்த பாடலின் வேகத்தைச் சமமாக்கி, இரண்டின் அடிகளும் ஒரே கணத்தில் விழும்படி நிறுத்தி, ஆடுபவரின் கால் தடுமாறாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடப்பதே பீட்மேட்ச்சிங். ஒரே சொல்லால் குறித்தாலும் இதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது வேகம், நம் இசை மரபு அதைக் காலப்பிரமாணம் என்கிறது. இரண்டாவது இடம், தாளச் சுற்றில் பாட்டு எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பதை எடுப்பு என்றும், தாளத்தோடு ஒன்றாகத் தொடங்குவதைச் சம எடுப்பு என்றும் சொல்வது வழக்கம். காலப்பிரமாணம் இம்மியும் பிசகாமல் இருந்து, எடுப்பு மட்டும் தவறிப்போவது நடக்கக்கூடியதே. எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஆங்கிலத்தில் 'பீட்' என்பதன் வேர் அடித்தலைக் குறிக்கும் பழைய வினைச்சொல். 'மேட்ச்' என்பது தொடக்கத்தில் துணை, இணை என்னும் பொருள் கொண்டிருந்த பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. ஓர் அடிக்கு இன்னோர் அடியைத் துணையாக்குவது என்று அதை விரித்துக்கொள்ளலாம். இந்தக் கலையைப் பரப்பியவர்களில் முதன்மையானவராகச் சொல்லப்படுபவர் பிரான்சிஸ் கிராசோ. 1960களின் முடிவிலும் 1970களின் தொடக்கத்திலும் நியூயார்க்கின் சாங்சுவரி என்னும் நடன விடுதியில், ஒரு பாடல் ஓடும்போதே அடுத்ததைத் தலையணி ஒலிபெருக்கியில் கேட்டு, இசைத்தட்டைக் கையால் பிடித்திருந்து, அடி விழும் கணத்தில் விட்டவர் அவர். 1972-ல் டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்-1200 என்னும் இசைத்தட்டுச் சுழல்மேசை வந்தது. 1979-ல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் உதவும் நீண்ட நகர்த்தி அமைந்தது. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாடலை அதைக்கொண்டு 110.4 முதல் 129.6 வரை எங்கும் நிறுத்தலாம். ஆனால் வேகம் கூடினால் சுருதியும் கூடும். ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்டினாலே பாடல் அரைச்சுரம் மேலேறிவிடும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி கணினியும் எண்ணிமக் கருவிகளும் தந்த கொடை.

அந்தக் காலத்தில் சேர்ப்பது முழுக்கக் காதின் வேலை. மென்பொருள் வந்தபின் அது கோடுகளின் வேலையாக மாறியது. பாடலை ஒருமுறை ஆராய்ந்து, ஒவ்வோர் அடியும் விழும் இடத்தில் மென்பொருள் ஒரு கோடு கிழித்து வைக்கிறது. ஒத்திசைவுப் பொத்தானை அழுத்தும்போது அது சேர்ப்பது ஒலிகளை அல்ல, இந்தக் கோடுகளைத்தான். கோடு சரியான இடத்தில் இருந்தால் ஒலியும் சேரும். கோடு தள்ளி நின்றால், பொத்தான் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்து, நமக்குப் பிழையான இசையைத் தரும்.

மேம்படுத்தலின்போது இந்தக் கோடுகள் இடம்பெயர்வதற்குப் பல வழிகள் உண்டு. புதிய பதிப்பின் ஆராயும் முறை மாறியிருந்தால், 87 என்று இருந்த பாடல் 174 ஆகலாம். சுற்றின் முதல் அடி என்று குறித்திருந்தது மூன்றாம் அடிக்குப் போகலாம். இவை பார்த்த உடனே தெரிந்துவிடும் என்பதால் பெரிய தொல்லை இல்லை. சிறிய மாற்றங்களே ஏமாற்றுபவை. 128.00 என்று இருக்க வேண்டிய ஒரு பாடலைப் புதிய பதிப்பு 128.05 என்று கணித்தால், தொடக்கத்தில் எந்த வேறுபாடும் கேட்காது. ஆனால் ஐந்து நிமிடத்தில் கோடுகள் கால் அடி விலகிப்போயிருக்கும். கால் அடி என்பது அந்த வேகத்தில் 117 மில்லிவினாடி. அதற்குள் இரண்டு பாடல்களும் வெளிப்படையாகவே மோதிக்கொள்ளும்.

என் கோப்புகளில் நடந்தது இன்னும் நுட்பமானது. எம்பி3 கோப்பு ஒலியைச் சிறுசிறு சட்டங்களாக (ஃபிரேம்) பிரித்து வைக்கிறது. பாடல்களுக்கு வழக்கமாகப் பயன்படும் வடிவத்தில் ஒரு சட்டத்துக்கு 1152 மாதிரிகள், அதாவது ஒலியை அளந்து குறித்த எண்கள். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் கணக்கில் அது 26 மில்லிவினாடிக்குச் சற்று மேல். பல கோப்புகளின் முதல் சட்டத்தில் பாட்டு இருக்காது. கோப்பைப் பற்றிய விவரம் மட்டுமே இருக்கும். பழைய பதிப்பு அந்தச் சட்டத்தையும் ஒலியாக எண்ணியிருந்து, புதிய பதிப்பு அதை விலக்கிவிட்டு எண்ணத் தொடங்கினால், முன்பு கிழித்த கோடுகள் எல்லாம் ஒரு சட்டத்தின் அளவு பின்னால் நின்றுவிடும். எல்லாப் பாடல்களும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அவை தமக்குள் சேர்ந்தே ஒலிக்கும், நாமும் உணரமாட்டோம். என் இரண்டில் ஒன்று எம்பி3, மற்றொன்று அமுக்கப்படாத வேவ் கோப்பு. அதனால்தான் ஒன்று மட்டும் விலகியது. 128 வேகத்தில் ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்கு 468.75 மில்லிவினாடி, அதில் 26 என்பது பதினெட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் டிரம்மின் கூர்மையான அடியை இரண்டாகப் பிளந்து கேட்கவைக்க அது போதும்.

ஒலி வெளிவரும் தாமதத்தை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மேம்படுத்தலில் அந்த அமைப்பு மாறியிருந்தால் இரண்டு பாடல்களும் ஒருசேரத் தாமதிக்கும்; கை அழுத்துவதற்கும் காது கேட்பதற்கும் இடைவெளி கூடுமே தவிர, பாடல்களுக்கு இடையிலான சேர்க்கை குலையாது.

இனி, தமிழ்ச் சொல். 'தாளப் பொருத்தம்' என்பது முதலில் நாவில் வருகிறது. ஆனால் பொருத்தம் என்பது இரண்டு பொருள்களுக்கு இடையே ஏற்கெனவே இருக்கிற, அல்லது இல்லாத, ஒரு தன்மையைச் சொல்வது. இங்கே வேண்டியது கையால் செய்யும் வேலைக்கான பெயர். 'துடிப்பிணைப்பு' என்றால் மருத்துவச் சொல்போல் ஒலிக்கிறது. இணைப்பு என்பதும் கம்பிக்கும் வலைப்பக்க முகவரிக்கும் ஆகிவிட்டது. 'ஒத்திசைவு' அழகான சொல்தான் என்றாலும், கைபேசியில் தொடர்புகளையும் படங்களையும் ஒத்திசைப்பது என்று அது முன்பே வேரூன்றிவிட்டது. மென்பொருள் தானாகச் செய்வதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மனிதர் காதால் செய்வதை வேறு சொல்லால் குறிப்பதே நல்லது என்பது என் கருத்து.

நான் பரிந்துரைப்பது 'தாளம் சேர்த்தல்'. பெயராக வேண்டும் இடத்தில் 'தாளச்சேர்ப்பு'. தாளம் என்பது முழுச் சுற்றின் பெயராயிற்றே, தனி அடியை அப்படிச் சொல்லலாமா என்று இசை பயின்றவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. சிலப்பதிகார உரைகளில் கொட்டு, அசை, தூக்கு, அளவு என்று அரை மாத்திரை முதல் மூன்று மாத்திரை வரை தாள உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கும்போது, நாம் பொதுச்சொல்லால் நிறைவடைய வேண்டியதில்லைதான். ஆனால் இந்த வேலையில் தனி அடிகளைச் சேர்த்தால் மட்டும் போதாது. முதல் அடி மேல் மூன்றாம் அடி விழுந்தால், அடிகள் பிசகாமல் சேர்ந்திருந்தும் பாட்டு கோணலாகவே கேட்கும். நான்கடிச் சுற்றின் முதல் அடி மற்றதன் முதல் அடியோடு சேர வேண்டும். சேர வேண்டியது சுற்றும் கூட என்பதால் தாளம் என்ற சொல்லே இங்கே சரியாக நிற்கிறது.

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால், தாளம் போடுபவர்கள் காலங்காலமாகப் பேசும் மற்ற சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன. கோட்டை முந்தி விரையும் பாடல் 'ஓடுகிறது', பின்தங்குவது 'இழுக்கிறது', அறவே விலகினால் தாளம் 'தப்பியது'. மனிதர்கள் வாசித்த பழைய பதிவுகளில் ஒரே பாடல் சரணத்தில் ஓடி, பல்லவிக்குத் திரும்பும்போது இழுக்கும். அவற்றுக்குச் சம இடைவெளிக் கோடுகள் உதவா. வேகத்தோடு வளைந்துகொடுக்கும் கோடுகளை டிராக்டர் என்னும் டி.ஜே. மென்பொருள் 2024-ல் வந்த தன் நான்காம் பதிப்பில்தான் ஏற்றது. அந்தக் கோடுகளையும் 'தாளக்கோடுகள்' என்றே அழைக்கலாம்.

மேம்படுத்தும் முன் பாடல் தொகுப்பின் தரவை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பதும், கையால் திருத்திய தாளக்கோடுகளைப் பூட்டிவைப்பதும் தேவை; பூட்டினால் புதிய ஆராய்ச்சி அவற்றை அழித்து எழுதாது. ஆனால் 26 மில்லிவினாடி விலகலைப் பூட்டும் தடுக்காது, ஏனென்றால் அங்கே கோடு நகரவில்லை, அதன் கீழே இருந்த ஒலிதான் நகர்ந்திருக்கிறது. நான் அந்த எம்பி3 பாடலின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியின் செங்குத்தான முகப்பு ஓரிடத்திலும் கோடு அதற்குச் சற்று வலப்புறத்திலும் இருந்தன. கோடுகள் முழுவதையும் ஒன்றாகப் பிடித்து இடப்புறம் நகர்த்தினேன். தலையணியில் 'தத்தம்' நெருங்கி நெருங்கி, ஒரு கணத்தில் 'தம்' ஆயிற்று. தாளம் சேர்ந்தது.