லேத் பேரிங் மாற்றும்போது விசை எந்த வழியாகப் போகிறது?

மரக்கடைசல் லேத்தில் புது பேரிங் போட்ட பிறகும் பழைய உறுமல் அப்படியே இருக்கிறது என்றால் பலரும் சந்தேகப்படுவது பேரிங்கின் தரத்தைத்தான். பெரும்பாலும் அதன் மேல் தப்பே இருக்காது, மாட்டிய விதத்தில் இருக்கும். நாம் கொடுக்கும் அடியும் அழுத்தமும் பேரிங்குக்குள் எந்த வழியாகப் போகிறது, ஓடும்போது எந்த வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும், இந்த இரண்டும் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் ஸ்பேனர் வேலை.

உள்ளே இருப்பது எளிய அமைப்புதான். ஒரு பேரிங் என்றால் உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் எஃகுக் குண்டுகள். ஹெட்ஸ்டாக்கின், அதாவது லேத்தின் தலைப்பெட்டியின், இரண்டு சுவரிலும் சுவருக்கு ஒன்றாக பேரிங், அவற்றுக்குள் ஸ்பிண்டில் எனும் சுழலும் தண்டு, அதன் மேல் பெல்ட் ஓடும் புல்லி. ஸ்பிண்டிலின் மூக்கு முன் பேரிங்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில்தான் மரத்தைக் கவ்வும் சக் ஏறும், கிண்ணம் கடையும்போது மொத்தச் சுமையும் அங்கேதான் தொங்கும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே 200 மி.மீ., முன் பேரிங்கிலிருந்து 100 மி.மீ. தள்ளி மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் மேல் விழும் விசையைப் போல ஒன்றரை மடங்கை முன் பேரிங் தாங்குகிறது, பின் பேரிங் அரை மடங்கை எதிர்த்திசையில் தாங்குகிறது. முன் பேரிங் முதலில் போவதற்கு இதுதான் காரணம்.

அந்த விசையும் சின்னது இல்லை. கரடுமுரடான கட்டையில் மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு பக்கம் 50 கிராம் கூடுதலாக இருந்தால், நிமிடத்துக்கு 1000 சுற்றில் அது ஏறக்குறைய 8 கிலோ எடை அளவுக்கு ஸ்பிண்டிலை இழுக்கும். 2000 சுற்றில் இழுவை இரு மடங்காகாது, நான்கு மடங்காகி 33 கிலோவைத் தொடும். சுமை இரட்டிப்பானால் பால் பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கட்டையை முதலில் வாளால் வட்டமாக அறுத்துவிட்டு மெதுவான வேகத்தில் தொடங்கச் சொல்வது ஏன் என்று விளங்கும்.

சரி, போயிருப்பது பேரிங்தானா என்று எப்படித் தெரியும்? பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள், நெறுநெறுப்பு விரலுக்கே தெரியும். அப்புறம் மூக்கில் டயல் கேஜை, அதாவது நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவியை, வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முள் அதே இடத்தில் அதே அளவு ஏறி இறங்கினால் ஸ்பிண்டில் வளைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சுற்றுக்குச் சுற்று மாறினாலோ, மூக்கை நெம்பினால் முள் நகர்ந்தாலோ பேரிங். ஏன் மாறுகிறது? ஸ்பிண்டில் ஐந்து சுற்று போகும்போது குண்டுகள் இரண்டு சுற்றுதான் போகின்றன, அதனால் பேரிங்கின் குறை ஸ்பிண்டிலின் சுற்றோடு ஒத்துப்போகாது. 6205 என்ற எண் கொண்ட பேரிங்கில் 9 குண்டுகள், வெளிவளையத்தில் ஒரு பொத்தல் இருந்தால் ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு 3.6 தடவை அதன் மேல் குண்டு ஏறும். நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் நொடிக்கு 60 தட்டல். நம் காதுக்கு அது தட்டலாகக் கேட்காது, தாழ்ந்த உறுமலாகத்தான் கேட்கும்.

கழற்றிய பழைய பேரிங்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெட்டித் திறந்து பார்ப்பது நல்லது. கண்ணில் ஏதும் தெறிக்காதபடி கண்ணாடி அணிந்து வைஸில் பிடித்து வெளிவளையத்தை அறுத்தால், குண்டு ஓடும் தடம் தெரியும். செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் நியாயமாக உழைத்து ஓய்ந்த பேரிங். சின்னச் சின்னக் குழிகள் சம இடைவெளியில், அதாவது குண்டுகள் நின்ற அதே இடைவெளியில் இருந்தால், யாரோ அடித்திருக்கிறார்கள். குண்டும் தடமும் தொடும் இடம் மிகச் சிறியது, சுத்தியல் அடி அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் ஒரு வளையத்திலிருந்து இன்னொரு வளையத்துக்குப் போயாக வேண்டும். கடினப்படுத்திய எஃகுகூட அந்த இடத்தில் அமுங்கிவிடும். பிறகு ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழுந்து ஓடும்.

ஆகவே தண்டின் மேல் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் தள்ள வேண்டும், ஹவுசிங்கில், அதாவது பேரிங் உட்காரும் சுவர்த் துளையில், ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும். இறுக்கமாகப் போகும் வளையம் எதுவோ அதில்தான் கை. உள்வளையத்தின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு குழாய்த் துண்டு இருந்தால் போதும். கழற்றும்போது பெரும்பாலும் இந்த விதியைக் காப்பாற்ற முடியாது, ஸ்பிண்டிலைத் தட்டி வெளியே எடுக்கும்போது விசை குண்டுகள் வழியாகவே போய்விடும். அதனால் அப்படிக் கழற்றியதை, எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும், திரும்பப் போடக் கூடாது.

அடுத்து, எது இறுக்கம், எது தளர்வு. பெல்ட் இழுவை, உளியின் அழுத்தம், மரத்தின் எடை எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றன, உள்வளையம் சுற்றுகிறது. இந்த நிலையில் உள்வளையம் தண்டில் சற்றே தளர்வாக இருந்தால், இடுப்பில் சுற்றும் வளையம் போலத் தண்டுக்கும் வளையத்துக்கும் இடையில் நழுவல் வரும். இடைவெளி 0.01 மி.மீ.தான் என்றாலும் ஒரு சுற்றுக்கு 0.03 மி.மீ. பின்தங்கும், 1000 சுற்றில் நிமிடத்துக்கு 3 செ.மீ. நாள்பட நாள்பட தண்டு தேய்ந்து, செம்பழுப்பு நிறத்தில் நைஸான தூள் தெரியும். பேரிங்கோடு ஸ்பிண்டிலையும் மாற்ற வேண்டிய நிலை பல லேத்துகளில் இப்படித்தான் வருகிறது. இதில் ஒரு விதிவிலக்கு: சமநிலை இல்லாத கட்டையின் இழுவை தண்டோடு சேர்ந்தே சுற்றுவதால், அப்போது நழுவப் பார்ப்பது வெளிவளையம். ஹவுசிங் துளை பெரிதாகிப்போன லேத்துகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படிப்பட்ட கட்டையை ஓட்டும் பழக்கம் இருக்கும்.

எனவே பழைய ஸ்பிண்டிலில் பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டரால் நாலைந்து இடத்தில் அளந்துவிட்டுத்தான் புதியது வாங்க வேண்டும். 6205இன் துளை 25 மி.மீ., சாதாரண தரத்தில் அதிலிருந்து 10 மைக்ரான் (0.01 மி.மீ.) வரை குறைவாக இருக்கலாம். தண்டு 25.00க்குச் சில மைக்ரான் மேலே இருந்தால் நல்ல பிடி. 24.97 என்று காட்டினால் ஸ்பிண்டில் முடிந்தது. வளையத்தை ஒட்டவைக்கும் பசையால் சிறிய லேத்தில் சமாளிக்கலாம், ஆனால் மூக்கின் மரையோ டேப்பரோ (கூம்புத் துளையோ) அடிபட்டிருந்தால் அதற்கு மேல் காசு செலவழிக்காமல் புது ஸ்பிண்டில் போடுவதே மேல்.

பேரிங்கின் எண்ணைப் படிப்பது சுலபம். கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் துளையின் அளவு: 6204 என்றால் 20 மி.மீ., 6206 என்றால் 30 மி.மீ. இந்தக் கணக்கு 04இலிருந்து மேலேதான் செல்லும். பின்னொட்டில் 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் உலோக மூடி. மரத்தூள் கிரீஸில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும், உலோக மூடியின் ஓர இடுக்கே அதற்குப் போதும், ஆகவே ரப்பர் சீல்தான் என் தேர்வு. அதிக விலை கொடுத்து உயர் துல்லியப் பேரிங் வாங்குவது மர லேத்துக்குத் தேவையே இல்லை. சாதாரண தரத்தில் இந்த அளவு பேரிங்கின் உள்வளைய ஓட்டம், அதாவது சுற்றும்போது மையம் விலகி ஆடும் அளவு, 13 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், ஈரப்பதம் மாறும்போது மரமே அதைவிடப் பல மடங்கு அசைகிறது.

கழற்றும்போது ஒரு இடத்தில் பொறுமை வேண்டும். புல்லியைத் தண்டோடு பிடித்திருக்கும் கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகு) தண்டில் பதிந்து பிசிர் கிளப்பியிருக்கும். ஸ்குரூவைத் தளர்த்திவிட்டுப் புல்லியைச் சற்று நகர்த்தி அந்தப் பிசிரை அரத்தால் தேய்த்துவிட்டால் ஸ்பிண்டில் வழுக்கிக்கொண்டு வரும், இல்லையென்றால் புல்லியின் துளையைக் கீறிக்கொண்டே வரும். பின்பக்க நட்டோ கைச்சக்கரமோ சில லேத்தில் இடது மரையாக இருக்கும், திருகுவதற்கு முன் மரையைப் பாருங்கள். ஸ்பிண்டிலில் படி இருப்பதால் அது ஒரு பக்கமாகத்தான் வெளியே வரும்.

மாட்டும்போது வெப்பத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வதுதான் சுகம். பேரிங்கை அறை வெப்பநிலையிலிருந்து 60 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 25 மி.மீ. துளை 18 மைக்ரான் விரியும், ஸ்பிண்டிலைக் குளிர்பெட்டியில் வைத்தால் அதுவும் சில மைக்ரான் சுருங்கும். அடியே இல்லாமல் உள்ளே போய் உட்காரும். நெருப்பில் காட்டக் கூடாது, 90 டிகிரியைத் தாண்டவிடாமல் இருந்தால் சீலுக்கும் கிரீஸுக்கும் கவலை இல்லை. குளிரில் இருந்து எடுத்த தண்டில் ஈரம் படியும், துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

ஒரு பேரிங்கை ஹவுசிங்கில் இரு பக்கமும் அசையாமல் பூட்டிவிட்டு, இன்னொன்றின் வெளிவளையம் நகர இடம் விட வேண்டும். 300 மி.மீ. ஸ்பிண்டில் 30 டிகிரி சூடானால் 0.1 மி.மீ. நீளும், இரண்டு பக்கமும் பூட்டினால் அந்த நீட்சி முழுக்கக் குண்டுகளை நெருக்கும். அலை வாஷர் (ஸ்பிரிங் போல அமுங்கும் நெளிந்த வாஷர்) வைத்திருக்கும் லேத்தில் இதை அந்த வாஷரே பார்த்துக்கொள்கிறது. நட்டு வைத்தது என்றால் ஆட்டம் போகும்வரை மட்டும் முடுக்குங்கள், அதற்கு மேல் போனால் சூடுதான் ஏறும்.

கடைசியில் பெல்ட் போட்டு, மரம் எதுவும் இல்லாமல் மெதுவான வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சீல் வைத்த பேரிங்கில் கிரீஸ் பரவும்வரை சற்றே சூடு ஏறி, பிறகு இறங்கும். ஏறிக்கொண்டே போனால் நட்டையோ பெல்ட்டையோ தளர்த்த வேண்டும். பெல்ட் வழுக்காமல் இருக்கும் அளவுக்கு இழுவை போதும், அதற்கு மேல் இறுக்குவது முழுக்கப் பேரிங் மேல் போகும் சுமை.