இறைக்க இறைக்க ஏன் ஊறுகிறது தாய்ப்பால்?

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 31ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்ட அவருடைய பெண் குழந்தை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. மார்பில் வாய் வைத்துக் குடிக்கும் வலு இன்னும் வராததால், தாய் பம்ப் வைத்து எடுத்துத் தரும் பாலை மூக்குவழிக் குழாயில் செவிலியர்கள் செலுத்துகிறார்கள். பிறந்து 12 நாட்கள் ஆகின்றன. "நன்றாக ஊறட்டும், அவசரப்பட்டு எடுக்காதே" என்று மாமியார் சொன்னதால் நாளொன்றுக்கு நான்கு முறைதான் எடுக்கிறார். ஆனால் அளவு கூடுவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. இடைவெளி விட்டால் அதிகம் சேர வேண்டாமா என்பது அவருடைய முதல் கேள்வி. பூண்டும் பால் சுறாவும் உண்மையிலேயே உதவுமா என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியைச் சற்றுத் தயங்கித்தான் கேட்டிருக்கிறார்: மல்லிகைப்பூ சூடினால் பால் வற்றிவிடுமா?

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். கர்ப்பகாலம் முழுவதும் மார்பகத்தில் பால் சுரக்கும் நுண்ணறைகள் கொத்துக் கொத்தாக வளர்கின்றன. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அவற்றை வேலை செய்ய விடாமல் தடுத்து வைத்திருக்கிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தத் தடை விலகுகிறது; மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும், பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது; இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சீம்பால் பெருகிப் பாலாகிறது. இந்தக் கட்டம் வரைக்கும், குழந்தை குடித்தாலும் குடிக்காவிட்டாலும், எல்லாத் தாய்மார்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. அதற்குப் பிறகு பால் எவ்வளவு சுரக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மெல்ல மெல்ல மூளையிடமிருந்து மார்பகத்தின் கைக்கு மாறுகிறது.

அந்த மாற்றத்தைப் பார்க்கும் முன் பம்பைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இளநீரை உறிஞ்சுவதுபோலப் பம்ப் பாலை உறிஞ்சி எடுக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். நுண்ணறைகளுக்குள் இருக்கும் பாலை எந்த உறிஞ்சலும் நேரடியாக வெளியே கொண்டுவர முடியாது. ஒவ்வொரு நுண்ணறையையும் சுற்றி வலைபோலப் பின்னியிருக்கும் தசைபோன்ற செல்கள் சுருங்கி, பாலை நாளங்களுக்குள் பிதுக்கித் தள்ள வேண்டும். அந்தச் செல்களைச் சுருங்கச் செய்வது ஆக்ஸிடோசின் என்ற மற்றொரு ஹார்மோன். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் கன்றை ஊட்டவிட்டு, மடி இறங்கிய பிறகுதான் கறப்பார்கள். கன்று இறந்துவிட்டால் வைக்கோல் கன்றையாவது பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். வைக்கோல் கன்று ஏமாற்று வேலை என்று தோன்றலாம். உண்மையில் அது ஆக்ஸிடோசினை வரவழைக்கும் கருவி.

இந்த ஹார்மோன் மனநிலைக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதை 1948இல் அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற தம்பதியர் ஒரு தாயிடம் சோதித்துப் பார்த்தார்கள். அமைதியாகப் பாலூட்டியபோது குழந்தைக்குச் சராசரியாக 168 கிராம் பால் கிடைத்தது. தாயின் காலைப் பனிக்கட்டி போட்ட நீரில் வைத்தும், கால்விரலை வலிக்க இழுத்தும், கணக்குப் போடச் சொல்லியும் தொல்லை கொடுத்தபோது அது 99 கிராமாகக் குறைந்தது. அதே தொல்லைகளுக்கு நடுவே ஆக்ஸிடோசின் ஊசி போட்டபோது 153 கிராமுக்கு மீண்டது. ஆகவே பால் இல்லாமல் போகவில்லை. இருந்த பால் இறங்கவில்லை. சிகிச்சைப் பிரிவின் வாசலில் பதற்றத்தோடு உட்கார்ந்து பம்ப் செய்யும் தாய்க்கு, குழந்தையின் துணியும் கைப்பேசியில் ஒரு படமும் வெறும் ஆறுதல் மட்டும் அல்ல என்பது இப்போது விளங்கும்.

இனி முதல் கேள்வி. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். தாய்ப்பாலுக்கு அந்தப் பழமொழி அப்படியே பொருந்தும் என்றாலும், பொருந்துவதற்கான காரணம் கிணற்றின் காரணம் அல்ல. இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று.

ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்தில் ஹான்னா ஆய்வு நிறுவனம் என்ற பால்வள ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே 1980களில் மால்கம் பீக்கரும் அவருடைய சகாக்களும் வெள்ளாடுகளைக் கொண்டு ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள். ஆட்டின் மடியில் இரண்டு தனித்தனிச் சுரப்பிகள் உண்டு. ஒன்றின் பால் மற்றொன்றில் கலக்காது. இரண்டுக்கும் போவது ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன்கள். ஒரு பக்கத்தை வழக்கம்போல இரண்டு வேளையும் மறுபக்கத்தை மூன்று வேளையும் கறந்தார்கள். மூன்று வேளை கறந்த பக்கத்தில் மட்டும் சுரப்பு கூடியது. காரணம் புரோலாக்டின் போன்ற இரத்தத்தில் ஓடும் ஒரு பொருளாக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தல்லவா கூடியிருக்க வேண்டும்? ஆகவே சுரப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தந்த மடிக்குள்ளேயே முடிவாகிறது.

இதைக் கேட்டதும் எவருக்கும் முதலில் தோன்றும் விளக்கம் அழுத்தம்தான். கிணற்றில் அப்படித்தான் நடக்கிறது: நீர்மட்டம் தாழ்ந்தால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீர் உள்ளே பாய்கிறது, மட்டம் உயர்ந்தால் பாய்ச்சல் நிற்கிறது. மடி நிறைந்து செல்கள் நெருக்குண்டால் சுரப்பு குறையும், காலியானால் கூடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. ஒரு பக்கத்துப் பாலைக் கூடுதலாக ஒருமுறை கறந்தார்கள். கறந்த உடனே, எடுத்த பாலின் அளவுக்குச் சமமாகச் சர்க்கரைக் கரைசலைக் காம்பின் வழியாகத் திரும்ப மடிக்குள் செலுத்தினார்கள். இப்போது மடி முன்பிருந்த அளவுக்கே நிறைந்திருக்கிறது, அழுத்தமும் அதே அளவு. மாறியது ஒன்றுதான், உள்ளே இருப்பது பால் இல்லை. அழுத்தம்தான் காரணம் என்றால் சுரப்பு கூடியிருக்கக் கூடாது. ஆனால் கூடியது!

அப்படியானால் 'போதும்' என்று சொல்வது மடியின் நிறைவு அல்ல, பாலில் கரைந்திருக்கும் ஏதோ ஒரு பொருள். இந்த ஏற்பாட்டின் அழகை யோசித்துப் பாருங்கள். பாலைச் சுரக்கும் அதே செல், பாலோடு பாலாகச் சுரப்பை நிறுத்தச் சொல்லும் செய்தியையும் சேர்த்தே சுரக்கிறது. பால் தேங்கத் தேங்கச் செய்தியும் தேங்கி, சுரக்கும் செல்லின் வேகத்தைக் குறைக்கிறது. பாலை எடுத்தால் செய்தியும் அதோடு போய்விடுகிறது, தொழிற்சாலை மறுபடி முழுவேகத்தில் ஓடுகிறது. பந்தியில் இலையில் சோறு மிச்சம் இருக்கும்வரை பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார், காலியான இலையைத்தான் நாடி வருவார் என்பதைப் போன்ற கணக்கு இது. குழந்தைக்கு எவ்வளவு தேவை என்று மூளை கணக்கிட வேண்டியதில்லை, இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் தனி உத்தரவு தேவையில்லை, எடுப்பதே உத்தரவு.

அந்தப் பொருள் எது என்ற தேடல் இன்னொரு நீண்ட கதை. ஏர் நகரத்தவர்கள் அது ஒரு சிறிய புரதம் என்று முன்மொழிந்தார்கள். ஆனால் அதன் மரபணுவை எவரும் பிடித்துக் காட்டவில்லை. 2004இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் நெல்சன் ஹோர்ஸ்மனின் குழு வேறொரு திசையிலிருந்து வந்தது: மூளையோடும் மனநிலையோடும் நாம் சேர்த்துப் பேசும் செரோடோனினைப் பால் சுரக்கும் செல்களும் தயாரிக்கின்றன, அது தேங்கும்போது பாலின் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன என்று காட்டினார்கள். செல்களுக்கு இடையேயான இறுக்கமான இணைப்புகளையும் அது தளர்த்துகிறது. நெடுநேரம் எடுக்காமல் விட்ட பாலில் சோடியம் கூடி உப்புக் கரிப்பது இந்தத் தளர்வினால்தான். அழுத்தமும் சிறிதளவு பங்கு வகிக்கக்கூடும். ஒரே ஒரு பூட்டை நம்பி உடல் எதையும் வைப்பதில்லை.

இங்கே ஓர் ஆதங்கத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெண்ணின் மார்பைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி ஆடுமாடுகளின் மடியிலிருந்து வந்தது. ஒரு பசு கூடுதலாக இரண்டு லிட்டர் கறந்தால் யாருக்கு எவ்வளவு லாபம் என்று கணக்கிட முடிந்ததால் அதற்குப் பணம் கிடைத்தது. ஒரு தாய்க்குக் கூடுதலாக 200 மி.லி. சுரந்தால் லாபம் பெறுவது ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஓர் உயிர் மட்டுமே என்பதால் அந்த ஆய்வுக்கு நிதி ஒதுக்க எவருக்கும் அவசரம் இருந்ததில்லை.

இதை மனிதர்களில் பொறுமையாக அளந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பீட்டர் ஹார்ட்மனின் குழுவினர். மார்பின் மீது ஒளிக்கோடுகளைப் பாய்ச்சிப் படமெடுத்து, பால் சேரும்போது கன அளவு எவ்வளவு கூடுகிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டார்கள். நிறைந்த மார்பு மெதுவாகவும் காலியான மார்பு வேகமாகவும் சுரப்பது தெளிவாகத் தெரிந்தது. ஒரே தாயின் இரண்டு மார்புகளும் தனித்தனி வேகத்தில் இயங்கின. அதைவிட முக்கியமான செய்தி, ஒரு மார்பில் தேங்கக்கூடிய பாலின் அளவு பெண்ணுக்குப் பெண் 80 மி.லி. முதல் 600 மி.லி. வரை வேறுபட்டது. கொள்ளளவு குறைவு என்பதற்காக நாள் முழுவதும் சுரக்கும் மொத்தப் பால் குறைந்துவிடுவதில்லை; சிறிய குடம் வைத்திருப்பவர் அதிக நடை நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈரோட்டு வாசகியின் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் 100 மி.லி. கொள்ளும், மணிக்கு 30 மி.லி. சுரக்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று மணி இருபது நிமிடத்தில் அது நிறைந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பவருக்கு எஞ்சிய நேரம் வீணாவது மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் மார்பகத்துக்குப் 'போதும்' என்ற செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. சில நாட்களில் சுரக்கும் திறனே குறையத் தொடங்குகிறது. எனவே குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களை ஒரு நாளைக்கு 8 முறைக்குக் குறையாமல், இரவிலும் ஒருமுறையாவது எழுந்து எடுக்கச் சொல்கிறார்கள். புரோலாக்டின் இரவில்தான் உயர்ந்திருக்கிறது என்பதால் அந்த இரவு முறையைத் தவிர்க்காமல் இருப்பது நல்லது. இரண்டாம் வார முடிவில் நாளொன்றுக்கு 500 மி.லி. என்பது பலரும் சொல்லும் இலக்கு. வாசகிக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

எத்தனை முறை என்பதோடு எவ்வளவு முழுமையாக எடுக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் பம்பில், ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதைவிட 18 விழுக்காடு அதிகப் பால் கிடைத்ததாக 2012இல் ஹார்ட்மனின் குழுவே அளந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஜேன் மார்ட்டன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பம்ப் ஓடும்போதே கையால் மார்பை அழுத்திவிட்டு, கடைசியில் கையாலும் பீய்ச்சி எடுத்த தாய்மார்களின் அன்றாட அளவு சராசரியாக 48 விழுக்காடு கூடியது. காசு செலவில்லாத இந்த முறையைச் செவிலியர் ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லித்தர முடியும். பம்பின் உறிஞ்சும் வேகத்தை வலிக்க வலிக்க ஏற்றுவதால் பயனில்லை: வலி ஆக்ஸிடோசினுக்குப் பகை. காம்பைச் சுற்றிப் பொருத்தும் புனலின் அளவு சரியாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். இத்தனையும் செய்து ஒரு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடு, கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துணுக்கு, பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு ஆகியவை எத்தனை முறை எடுத்தாலும் சுரப்பைத் தடுக்கக்கூடும்.

பூண்டு, பால் சுறாப் புட்டு, வெந்தயம், தண்ணீர்விட்டான் கிழங்கு ஆகியவற்றைப் பற்றி நான் கடுமையாகப் பேசப் போவதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் புரதம் நிறைந்த உணவைத் தேடிச் சமைத்துப் போடும் குடும்பம் நல்ல குடும்பம். ஆனால் பால் பெருக்கும் பொருள்களைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, சான்றுகள் வலுவற்றவை என்றே சொன்னது. பூண்டைப் பொறுத்தவரை சுவையான ஒரு முடிவு உண்டு: பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் 1991இல், தாய் பூண்டு உட்கொண்ட பிறகு பாலில் அந்த வாசனை ஏறியதையும், அப்போது குழந்தைகள் மார்பை விடாமல் அதிக நேரம் பற்றியிருந்ததையும் கண்டார்கள். அதிக நேரம் சப்பினால் அதிகம் சுரக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் பம்புக்குப் பூண்டு வாசனை தெரியாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டோம்பெரிடோன் மாத்திரை புரோலாக்டினை உயர்த்துவது உண்மைதான். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. சத்துமாவு டப்பாவில் "தாய்ப்பால் பெருக" என்று அச்சிட்டு ஆயிரம் ரூபாய்க்கு விற்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். அந்தப் பணத்தில் நல்ல பம்பைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

மல்லிகைப்பூ விஷயம் முழு மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாதது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பால் சுரப்பை நிறுத்த வேண்டிய தாய்மார்களின் மார்பில் மல்லிகைச் சரத்தை ஒட்டிவைத்து, அதை புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலும் புரோலாக்டின் குறைந்தது. மாத்திரையில் அதிகமாகக் குறைந்தது. பால் கட்டும் வலி அடங்குவதில் இரண்டும் சமமாகவே இருந்தன. ஆனால் அந்தத் தாய்மார்கள் பாலை எடுக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எடுக்காமல் விட்ட பால் பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில நாட்களில் வற்றத்தான் செய்யும். மேலும் அங்கே சோதித்தது மார்பில் ஒட்டிய சரத்தை. கூந்தலில் சூடிய பூவை அல்ல. வாசகி மருத்துவமனைக்குப் புறப்படும்போது தாராளமாகப் பூ வைத்துக்கொள்ளலாம், சிகிச்சைப் பிரிவுக்குள் நுழையும் முன் மட்டும் செவிலியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.