உப்புத்தாள் தொடுவதற்கு முன்: தனியாகப் பாடி கட்டிய பழைய காரின் வரலாற்றைத் தேடுவது பற்றி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் நெடுங்காலம் நின்றிருந்த சிவப்பு நிறத் திறந்த கார் ஒன்று, கோவையில் உள்ள எங்கள் பட்டறைக்கு லாரியில் வந்து இறங்கியது. இருவர் மட்டும் உட்காரக்கூடிய ஃபைபர் பாடி. அடியில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பழைய காரின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம். அதை வாங்கியிருந்தவர் பழைய வண்டிகள் மீது உண்மையான பற்றுள்ளவர். "சார், யாரோ நல்ல வண்டியைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஃபைபரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு ஹெரால்டு பாடியைத் தேடிப் பிடித்து மாட்டி, ஒரிஜினலாக ஆக்கிக் கொடுங்கள்" என்றார். நான் இரண்டு மாதம் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு மாதமும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றப் போவதில்லை என்றும் சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. இப்படிக் கேட்கும்போது பலருக்கும் விளங்குவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த காருக்கும், ஒருவர் தம் விருப்பத்துக்கு ஒன்றே ஒன்றாகக் கட்டிய காருக்கும் வேலையின் தன்மையே வேறு. ஓர் அம்பாசிடரின் கதவுக் கைப்பிடியை நான் தவறாகப் பொருத்திவிட்டால், அடுத்த தெருவில் நிற்கும் இன்னோர் அம்பாசிடரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒற்றையாகக் கட்டிய வண்டிக்கு அப்படிப் பார்த்துத் திருத்த உடன்பிறப்பு கிடையாது, கம்பெனிப் புத்தகம் கிடையாது. அந்த வண்டியைப் பற்றிய சான்று பெரும்பாலும் அந்த வண்டியின் மேலேயே இருக்கிறது. நாம் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கும்போது அந்தச் சான்றையே தேய்த்து வடிகாலில் விடுகிறோம்.

ஹெரால்டை ஏன் இப்படி மாற்றிக் கட்டினார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது உதவும். இத்தாலியரான மிக்கெலாட்டி வடிவமைத்த இந்தக் கார் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 948 சிசி எஞ்சினோடு இதைத் தயாரித்தது. அந்தக் காலத்து அம்பாசிடரிலும் ஃபியட் 1100-இலும் பாடியே வண்டியின் பலம். கூரையை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். ஹெரால்டில் சேசிஸ் தனி, பாடி தனி. பாடியும் பல துண்டுகளாகப் போல்ட் போட்டு இணைத்தது. அதைக் கழற்றி எடுத்துவிட்டால், எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் எல்லாவற்றோடும் தானாக ஓடக்கூடிய ஒரு சேசிஸ் கையில் நிற்கும். சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமானத்தளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், குறைந்த செலவில் சொந்தமாக ஒரு வண்டி கட்ட நினைத்த இளைஞர்களுக்கு இதைவிட வசதியான தொடக்கம் இல்லை. ஆகவே ஹெரால்டு சேசிஸ் மேல் ஃபைபர் பாடியைப் பார்த்தவுடன் 'கெடுத்துவிட்டார்கள்' என்று முடிவு கட்டக் கூடாது. அது கெடுத்ததா, கட்டியதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

தேடலை நான் எப்போதும் காகிதத்திலிருந்து தொடங்குகிறேன். பழைய ஆர்சி புத்தகம் கையில் இருந்தால் அது பெரும் பேறு. இன்றைய அட்டையைப் போல அல்லாமல், அந்தப் புத்தகத்தில் கைமாறிய ஒவ்வொரு முறையும் பெயரும் தேதியும் முத்திரையும் விழுந்திருக்கும். பலர் உரிமையாளர் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, நிறம், எடை ஆகிய கட்டங்களையும், அடித்துத் திருத்திய இடங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடன் கொடுத்த வங்கியின் பெயரை ஏற்றியதும் நீக்கியதும்கூட ஒரு தேதியைச் சொல்லும். இந்த வண்டியின் புத்தகத்தில் முதல் பதிவு 1968. நான்கு இருக்கை, சலூன் (கூரை மூடிய பாடி), நீல நிறம். ஐந்து பக்கம் தள்ளி, வேறொரு மையில், இரண்டு இருக்கை, திறந்த பாடி என்று திருத்தி, அலுவலகக் கையெழுத்தோடு ஒரு தேதி: 1971. அதாவது மாற்றம் ஒளித்துச் செய்தது அல்ல. செய்தவர் அதை அலுவலகத்தில் காட்டிப் பதிந்திருக்கிறார். புத்தகம் தொலைந்து டூப்ளிகேட் மட்டும் இருந்தால், பதிவு அலுவலகத்தில் பி ரிஜிஸ்டர் (அலுவலகமே வைத்திருக்கும் வாகனப் பதிவேடு) நகலுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். 1989-க்கு முந்தைய எண் கொண்ட வண்டிகளுக்கு இதில் பொறுமை வேண்டும், ஆனால் முயலாமல் விட்டுவிடாதீர்கள்.

காகிதத்தில் உள்ள எண்களை வண்டியில் உள்ள எண்களோடு ஒப்பிடுவது அடுத்தது. தகட்டின் ரிவெட்டுகள் வண்டியின் வயதுக்கு ஒத்துப்போகின்றனவா, எண் பொறித்த இடத்தைச் சுற்றிக் கிரைண்டர் ஓடிய தடம் இருக்கிறதா, எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, உரிமையாளரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எண்ணில் கை வைத்த வண்டிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தவரும் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். எஞ்சின் மாறியிருப்பது வேறு. நம் ஊரில் ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் எஞ்சின் மாறாமல் இருந்தால்தான் வியப்பு. பின் அச்சும் பேசும். ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அச்சில் ஓடுபவை. அதே கம்பெனியில் பின்னர் வந்த கசல் காரில் திடமான ஒற்றை அச்சு. ஹெரால்டு என்று சொல்லும் வண்டியில் அந்த ஒற்றை அச்சு இருந்தால், எங்கோ ஒரு கட்டத்தில் இன்னொரு வண்டி அதனுள் கலந்திருக்கிறது.

இனி பாடி. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு சிறு காந்தம், ஒரு டார்ச், கொஞ்சம் தின்னர், பஞ்சு, 800-ஆம் எண், 1200-ஆம் எண் தண்ணீர்ப் பேப்பர் போதும். தகர பாடியில் காந்தம் எங்கே பிடி தளர்கிறதோ அங்கே பட்டி தடிமனாக இருக்கிறது. அதன் அடியில் பழைய அடியோ வெட்டி ஒட்டிய இடமோ இருக்கும். தின்னர் நனைத்த பஞ்சில் நிறம் இறங்கினால் பெரும்பாலும் பழைய என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். அசையாமல் நின்றால் பிற்காலத்துப் பியு (பாலியூரித்தேன்) பெயின்ட். கண்ணில் படாத ஒரு மூலையில், நாலணா அளவுக்கு, தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்தால் மரத்தின் ஆண்டு வளையம்போல ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வட்டமாகத் தெரியும். அதை அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

எங்கள் வண்டியில் சிவப்புக்கு அடியில் வெள்ளை, அதற்கு அடியில் சாம்பல் பிரைமர், எல்லாவற்றுக்கும் கீழே கரும்பச்சை. டாஷ்போர்டின் அடிப்பக்கம் யாரும் பூசாமல் விட்டிருந்ததால் அங்கே அந்தப் பச்சை அப்படியே இருந்தது. ஒரு நாள் மாலை, பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கதவின் மேல் படுக்கையாகச் சாய்த்துப் பிடித்தபோது, சிவப்புப் பூச்சின் கீழே ஒரு வட்டத்தின் விளிம்பு நிழலாக எழுந்தது. ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. எதிர்க் கதவிலும் அதே உயரத்தில் அதே வட்டம். பந்தய எண் எழுதுவதற்காக அடித்த வெள்ளை வட்டம் அது. மேலே எத்தனை பூச்சு விழுந்தாலும் அதன் ஓரத் தடிமன் மறையவில்லை. பகல் வெளிச்சத்தில் பத்து முறை பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. இருக்கைக்குப் பின்னால் தரையில், பட்டி வைத்து அடைத்த நான்கு துளைகளும் இருந்தன. தலைக்கு மேல் வளைத்துப் போடும் பாதுகாப்புக் கம்பியின் கால்கள் நின்ற இடம் அது.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், மரச்சட்டத்தின் மேல் தகடு அறைந்து கட்டிய, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார் ஒன்றின் பாடி முழுவதையும் மணல் பீய்ச்சித் துலக்கக் கொடுத்தேன். வேகமாக முடிந்தது, தகடு பளிச்சென்று வந்தது. ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பத்து மூத்த அம்மா ஒருவர் கொண்டுவந்த கல்யாணப் படத்தில், பின்கதவில் தூரிகையால் எழுதிய குடும்பச் சின்னம் இருந்தது. அது எந்த நிறம், எத்தனை அங்குலம், எந்த ஓவியரின் கைப்பாங்கு என்று காட்ட எதுவும் மிஞ்சவில்லை. அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. நான் அன்றிலிருந்து தேடி முடிக்காமல் எந்தப் பாடியையும் துலக்கக் கொடுப்பதில்லை.

மனிதர்களிடம் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். வண்டியை நாம் அறிந்த பிறகு கேட்டால்தான் கேள்வி சரியாக அமையும். இந்தப் பாடியின் உட்புறத்தில், ஃபைபருக்குப் பலம் கொடுக்கும் விலாக்களின் உள்ளே தேங்காய் நார்க் கயிறு வைத்து மூடியிருந்தார்கள். ஒரு விலா உடைந்திருந்த இடத்தில் கயிற்றின் முறுக்கு வெளியே தெரிந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு பழைய மோல்டிங் வேலைக்காரர்கள் நால்வரைப் பார்த்தேன். நான்காமவர், எண்பதைக் கடந்த மேஸ்திரி, காரின் முழுப் படத்தைப் பார்த்து ஒன்றும் நினைவில்லை என்றார். கயிற்றுப் படத்தைக் காட்டியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, இது நம்ம கைங்க. கயிறு வெச்சு விலா போடறது அப்ப நாங்க மட்டுந்தானுங்க." வண்டியைக் கட்டச் சொன்னவர் யார், சோழவரத்துக்கு எப்படி ஓட்டிப் போனார்கள் என்றெல்லாம் சொன்னார். ஆண்டை மட்டும் 1966 என்றார். சேசிஸே 1968-இல் பதிவானது. பெரியவர்களின் நினைவு பொருளையும் கையையும் தவறாமல் காக்கும். ஆண்டை அடிக்கடி நழுவவிடும். அதனால் அவர் சொன்னதைத் தள்ளவும் கூடாது, அப்படியே ஏட்டில் ஏற்றவும் கூடாது. பிறகு, வண்டியைக் கட்டச் சொன்னவரின் குடும்பத்து ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது: வட்டத்துக்குள் எண், பின்னால் கம்பி, அருகே நான்கு இளைஞர்கள்.

'ராஜா வைத்திருந்தது', 'நடிகர் ஓட்டியது' என்று வரும் கதைகளைப் பற்றி ஒரு சொல். பெயர் பெரிதாக ஆக விலையும் ஏறும் என்பதால் இத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை. ஒரு படமோ ஆர்சி பக்கமோ ரசீதோ இல்லாத கதையை, கதை என்றே குறித்து வையுங்கள்.

வண்டியின் வரலாறு தெரிந்த பிறகு, அதில் எந்த ஆண்டுக்கு வண்டியைத் திருப்புவது என்பது கடினமான முடிவு. இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது, கலிஃபோர்னியாவில் பாப் ஹிரோஹாட்டாவுக்காக 1952-இல் பாரிஸ் (Barris) சகோதரர்களின் பட்டறையில் மாற்றிக் கட்டிய 1951 மாடல் மெர்குரி கார். கூரையைத் தாழ்த்தி, நடுத்தூணை எடுத்து, ப்யூக் காரின் பக்கவாட்டுப் பட்டையைப் பொருத்தி, இரண்டு பச்சைகளில் பூசினார்கள். 1953-இல் அதற்குக் கேடிலாக் எஞ்சின் ஏறியது. 1955-இல் ஒரு திரைப்படத்துக்காக நிறம் மாறியது. 1959-இல் ஜிம் மெக்நீல் என்ற இளைஞர் அதை 500 டாலருக்கு வாங்கி, பல ஆண்டுகள் ஓட்டாமல் வைத்திருந்து, 1989-இல் சீரமைக்கத் தொடங்கினார். அவர் அதைக் கம்பெனியிலிருந்து வந்த 1951 மெர்குரியாக மாற்றவில்லை. திரைப்பட நிறத்துக்கும் போகவில்லை. பழைய பச்சைக்கே திரும்பினார், கேடிலாக் எஞ்சினை வைத்துக்கொண்டார். அந்தக் கார் 2017-இல் அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்ந்தது. 2022 ஜனவரியில் 21 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 'ஒரிஜினல்' என்ற பெயரில் அதற்கு 1951-இன் கூரையை வைத்திருந்தால், அது ஆயிரம் மெர்குரிகளில் ஒன்றாகப் போயிருக்கும்.

நம் நாட்டுச் சட்டத்தையும் இந்தத் தேடலோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்பட்ட, சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் காணாத வாகனங்களையே விண்டேஜ் என்று ஏற்கின்றன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். மற்றொரு பக்கம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பாடி மாற்றிக் கட்டிய பழைய வண்டிக்கு இவை இரண்டுமே இடையூறாக வரலாம். மாற்றம் எப்போது நடந்தது, பதிவானதா என்பதற்குத் தேதியுள்ள ஆதாரம் கையில் இருந்தால் அலுவலகத்தில் பேசவாவது ஓர் அடிப்படை இருக்கும். அந்த ஆதாரத்தோடு, பணத்தைக் கொட்டுவதற்கு முன்பே, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சி வண்டியின் உரிமையாளர் ஆல்பப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெரால்டு பாடி பற்றி அவர் பேசவில்லை. டாஷ்போர்டின் அடியில் இருந்த பச்சையை ஒப்பிட்டு நிறம் கலக்கி, 1971-இன் தோற்றத்துக்குத் திருப்பினோம். கதவின் வெள்ளை வட்டங்களைத் திரும்ப எழுதினோம். உடைந்த விலாவைக் கயிறு வைத்தே மூடினோம். டாஷ்போர்டின் அடிப்பக்கத்தையும், டிக்கியின் உள்ளே ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு, வெள்ளை, சாம்பல் பூச்சுகளையும் தொடாமல் விட்டோம். கழற்றிய விளக்குகளும் ரிவெட்டுகளும் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. ஆர்சி நகல், படங்கள், மேஸ்திரி சொன்னது, அதில் எது உறுதி, எது உறுதியில்லை, நாங்கள் எதைப் புதிதாகச் செய்தோம், பெயின்ட்டின் கலவை அளவு ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி, இருக்கைக்குப் பின்னால் ஓர் உறையில் வைத்திருக்கிறோம். அடுத்து இந்த வண்டியைப் பிரிக்கப் போகும் மெக்கானிக்கின் கையில் அது கிடைக்க வேண்டும்.