சுவரைச் சுரண்டித் தின்னும் பிள்ளை

"டாக்டரம்மா, இந்தப் பிள்ள செவுத்துச் சுண்ணாம்பச் சொரண்டித் திங்குது. அடிச்சும் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குது" என்றார் அந்த அப்பத்தா. கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்பவர். எட்டு வயதுப் பேத்தி அவர் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். கீழிமையை விலக்கிப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7.6. இந்த வயதில் 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

சுண்ணாம்பு, பலப்பம், பச்சரிசி, மண் என்று தேடித் தின்னும் பிள்ளைகளில் பலருக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கும். அதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்து அடிக்கிறோம். அடித்தால் நிற்காது, ஒளிந்து தின்னும்.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். காலையில் டீ, இரண்டு வறுக்கி. ஏழரைக்கு வேன் வந்துவிடும். மத்தியானம் டப்பாவில் தயிர்சாதம், ஊறுகாய். ராத்திரி சோறும் ரசமும். பட்டினி இல்லை, வயிறு நிறைகிறது. ஆனால் ரத்தம் ஊற அதில் ஒன்றுமில்லை. கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அதே தெருப் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் காலையில் கிச்சடியோ பொங்கலோ, மதியம் முட்டையோடு சத்துணவும் சாப்பிடுகிறார்கள். பள்ளியை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த முட்டை மட்டும் டப்பாவில் வந்தாக வேண்டும் என்று கெஞ்சினேன்.

இவள் ஒருத்தி மட்டுமல்ல. 2016-18-இல் நாடு முழுக்க எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

ரத்தத்துக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) நல்லது. வாரம் ஒருநாள் கிடைத்தாலும் போதும். முருங்கைக்கீரையோ சுண்டலோ கொடுத்தால் மேலே எலுமிச்சை பிழியுங்கள், இல்லாவிட்டால் ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ வேண்டவே வேண்டாம், அது சேரவிடாது. அப்புறம் கொக்கிப்புழு. வெறுங்காலோடு திரியும் பிள்ளைக்குப் பாதம் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு முறை தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது வாரமே அவள் சுவர்ப்பக்கம் போவதை விட்டுவிட்டாள். ஆனால் மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து நான் எழுதிக் கொடுத்த இரும்பு டானிக்கை நிறுத்திவிட்டார்கள். கறுப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று கூப்பிட்டு விளக்கினேன். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் கொடுத்தால்தான் உடம்பில் இருப்புச் சேரும். அப்பத்தா இப்போது டீக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுக்கிறார்.