‘ஐ ஆம் டென்ஷன்’ எங்கே இடறுகிறது?

“ஐ ஆம் வெரி டென்ஷன், சார்.” நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற வாக்கியம். டென்ஸ் பெயரடை (அட்ஜெக்டிவ்), டென்ஷன் பெயர்ச்சொல் (நவுன்). “பதற்றமாக இருக்கிறேன்” என்று சொல்ல வந்தவர் “நான் பதற்றம்” என்று சொல்லிவிட்டார்.

கோளாறு தமிழ்ப் பழக்கத்தில் இருக்கிறது. நமக்குப் பெயர்ச்சொல் ஒன்று கையில் இருந்தால் போதும், ‘ஆக’வோ ‘ஆன’வோ ஒட்டிக் காரியத்தை முடித்துவிடுவோம். “டென்ஷன் ஆயிட்டேன்”, “கான்ஃபிடன்ஸா இருக்கேன்”, “படம் சக்சஸ்” எல்லாம் பேச்சுத் தமிழில் தடையில்லாமல் ஓடும். ஆங்கிலத்தில் அந்த ஒட்டு கிடையாது. சொல்லின் வாலே மாறவேண்டும். ஐ ஆம் டென்ஸ், ஐ ஆம் கான்ஃபிடன்ட், த ஃபில்ம் வாஸ் சக்சஸ்ஃபுல். “த ஃபில்ம் வாஸ் எ சக்சஸ்” என்பதும் சரிதான். ஆனால் அந்தச் சின்ன ‘எ’ விழுந்தால் வாக்கியமும் விழும்.

“டிஸ்கஸ் அபவுட்” என்ற தவறு எப்படி வந்தது என்று பாருங்கள். டிஸ்கஷன் என்ற பெயர்ச்சொல்லுக்கு அபவுட் தேவை: எ டிஸ்கஷன் அபவுட் ஃபீஸ். வினைக்குத் தேவையில்லை: வி டிஸ்கஸ்ட் த ஃபீஸ். பெயரின் பின்னால் வரும் முன்னிடைச்சொல்லை (ப்ரிபொசிஷன்) வினைக்கும் மாட்டிவிடுகிறோம். “ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்” பெயராக வந்தால் சரி. “ஐ ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்” தவறு. ஆகவே பெயரைப் படிக்கும்போதே அதன் பின்னால் என்ன வருகிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

இனி, வினையையும் பெயரடையையும் பெயர்ச்சொல்லாக்கும் விகுதிகள். எந்த வினைக்கு எது என்று ஒரே விதி கிடையாது. தமிழில் மட்டும் உண்டா என்ன? படிப்பு, வளர்ச்சி, ஓட்டம், நடை என்று நாமும் இஷ்டத்துக்குத்தான் போகிறோம். ஆனாலும் சொல்லின் முடிவைப் பார்த்தால் பாதி ஊகிக்கலாம். ரிசீவ், டிசீவ், பர்சீவ் போன்றவை ‘செப்ஷன்’ ஆகும்: ரிசெப்ஷன், டிசெப்ஷன், பர்செப்ஷன். டிஸ்க்ரைப், ப்ரிஸ்க்ரைப் ‘ஸ்க்ரிப்ஷன்’ ஆகும். பர்மிட், அட்மிட் ‘மிஷன்’ ஆகும். ‘ஃபை’ என முடிந்தால் ‘ஃபிகேஷன்’: க்ளாரிஃபை, க்ளாரிஃபிகேஷன். பெயரடைக்கு எதுவும் தோன்றாவிட்டால் ‘நெஸ்’ பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால் லாங், ஸ்ட்ராங், வைட், டீப் போன்ற பழைய குட்டிச் சொற்கள் லெங்க்த், ஸ்ட்ரெங்க்த், விட்த், டெப்த் என்று உயிரொலியையே மாற்றிக்கொள்ளும். ‘ஹைனெஸ்’ என்றொரு சொல் உண்டுதான். அது அரச குடும்பத்தாரை அழைப்பது. மலையின் உயரம் ஹைட்.

எழுத்துப்பிழைகளில் மதிப்பெண் போவது நாலைந்து இடங்களில்தான். எக்ஸ்ப்ளெயின் எக்ஸ்ப்ளனேஷன் ஆகும்போது ‘ஐ’ எழுத்து உதிர்கிறது. ப்ரொனவுன்ஸ் ப்ரொனன்சியேஷன் ஆகும்போது ‘ஓ’ உதிர்கிறது. அதனால்தான் உச்சரிப்பும் ‘நவுன்’ அல்ல, ‘நன்’. ஆர்க்யூவின் கடைசி ‘ஈ’ ஆர்க்யுமென்டில் கிடையாது. மெயின்டெய்னின் ‘ஏ-ஐ’ மெயின்டனன்ஸில் ஒற்றை ‘ஈ’ ஆகிவிடும். அட்வைஸில் வினைக்கு ‘எஸ்’, பெயருக்கு ‘சி’. அந்தப் பெயருக்குப் பன்மையும் கிடையாது. ‘அட்வைசஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று அலுவலகக் கடிதங்களில் வருவது கண்ணை உறுத்தும்.

ஒரே சொல்லிலிருந்து இரண்டு பெயர்ச்சொல் பிறந்தால் பொருள் பிரிந்திருக்கிறதா என்று அகராதியில் பாருங்கள். அப்சர்வ் என்பதிலிருந்து வரும் அப்சர்வேஷன் உற்றுப்பார்த்தல். அப்சர்வன்ஸ் விரதம், விதி போன்றவற்றைக் கடைப்பிடித்தல். ஹார்ட்னெஸ் கல்லுக்கு, ஹார்ட்ஷிப் மனிதருக்கு.

தேர்வில் கோடிட்ட இடம் வந்தால் முதலில் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் த, ஹிஸ், மை என்று ஏதாவது நின்று, பின்னால் ஆஃப் வந்தால் அது அநேகமாகப் பெயரின் இடம். “ஹிஸ் டேஷ் ஆஃப் த ஆஃபர்” என்று கேட்டு, அடைப்புக்குள் ரெஃப்யூஸ் என்று கொடுத்திருந்தால் விடை ரெஃப்யூசல். அவசரத்தில் ரெஃப்யூஸ் என்றே விட்டுவிட்டால் அது குப்பை என்ற பொருள்தரும் வேறொரு பெயராகிவிடும்.