வலையைக் கிழித்தது யார்?

செவுள்வலையை இழுக்கும்போது அறக்குளா மீனின் தலை மட்டும் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டு வந்தால் எல்லோரும் டொல்பினைத்தான் திட்டுவார்கள். பல வேளை அது சரிதான். ஆனால் தின்றது வேறொன்றாகவும் பழி டொல்பினுக்காகவும் போவது குறைவல்ல. ஆளை மாறிப் பிடித்தால் பரிகாரமும் மாறிப்போகும். பேத்தை (உடலை ஊதிப் பெருக்கும் மீன்) கடித்த வலையில் டொல்பினை விரட்டும் கருவியைக் கட்டினால் காசுதான் நட்டம். ஆகவே பொத்தலையும் மிஞ்சிய மீனையும் உற்றுப் பார்ப்பது முதல் வேலை.

டொல்பினின் பற்கள் எல்லாம் ஒரே மாதிரியான கூம்புகள். அவை இரையைப் பிடிக்க உதவும். வெட்டவோ மெல்லவோ உதவா. வலையில் மீன் செவுளடியில் இறுகி நிற்கிறது. டொல்பின் உடலைக் கவ்வி இழுக்க, உடல் பிய்ந்து போய்த் தலை தங்கிவிடும். பிய்ந்த இடத்துச் சதை நார் நாராகத் தொங்கும்; சுற்றியுள்ள கண்களில் நூல் இழுபட்டிருக்கும். சுறா கடித்தால் வெட்டு பிறை வடிவில், விளிம்பு சுத்தமாக இருக்கும்.

பேத்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள் சேர்ந்து கிளி மூக்குப் போன்ற அலகாகியிருக்கின்றன. அது மீனின் வயிற்றில் வட்டமாகக் கடித்தெடுக்கும். கடிக்கும்போது நூலையும் நறுக்கிவிடும். ஒரே மீனைச் சுற்றிப் பல சிறு பொத்தல்கள், நூல் நுனிகள் பிசிறில்லாமல் இருந்தால் பேத்தையைச் சந்தேகிக்கலாம். தூண்டில்களில் முள்ளோடு தங்கூசி (நைலோன் நூல்) அறுந்து போவதிலும் அதற்குப் பங்குண்டு. அதைப் பிடித்துக் கறியாக்கிப் பழிதீர்க்கவும் முடியாது. ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

அடியில் கிடந்த வலையில் தோலும் முள்ளும் மட்டும் கூடாக வந்தால் அது கடற்பேன்கள் என்ற சிறு உயிரினங்களின் வேலை. ஆமை போட்ட பொத்தல் எல்லாவற்றிலும் பெரியது. நூல் முறுக்கேறித் திரண்டிருக்கும். அடிக்கயிறு சுருண்டு மேற்கயிற்றோடு பின்னிக் கிடக்கும்.

கயிறே அறுந்து, மிதப்புகளோடு ஒரு துண்டு வலை காணாமல் போனால் அது எந்த விலங்கின் கணக்கிலும் சேராது. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிப் படகு போன தடம் அது. இலங்கையில் 2017இலேயே இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் வடபகுதிக் கடலில் ஒரே இரவில் அதிக வலையைத் தின்பது இன்னும் அதுதான். டொல்பின் பற்றிப் பேசும்போது இந்த அளவு வித்தியாசம் மறந்துபோகக் கூடாது.

விலங்குகள் வலையைத் தேடி ஏன் வருகின்றன? டொல்பின் குறுகிய ஒலித் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் இரையை அறிகிறது. அந்த ஒலியின் அதிர்வெண் 100 கிலோஹேட்ஸுக்கு மேலும் போகும். தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடுகிறது. மெல்லிய நைலோன் நூல் அதற்கு மங்கலாகத்தான் தெரியும். பல மீன்களுக்குள் இருக்கும் காற்றுப்பையோ ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். அதாவது வலையே சரியாகத் தெரியாத இடத்தில் மாட்டிய மீன்கள் வரிசையாகத் துலங்கும். துரத்த வேண்டியதில்லை, தப்பியோடவும் மாட்டா. பாக்குக் குடாவின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழந்தான். ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் வலையும் விலங்கும் சந்திக்காமல் போவது கடினம். எஞ்சின் சத்தத்தையும் வலை இழுக்கும் சத்தத்தையும் இரையோடு சேர்த்துப் பழகிக்கொள்ளும் டொல்பின்கள் உலகின் பல இடங்களில் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு, வலை தண்ணீரில் கிடக்கும் நேரம். போட்ட முதல் மணித்தியாலங்களில் வலை நன்றாகப் பிடிக்கும். போகப் போகக் கண்கள் நிறையும், குப்பையும் பாசியும் படியும், மீன் விலகிப்போகும், பிடி குறையும். ஆனால் தொங்கும் மீன் எவ்வளவு அதிகமோ, இழப்பும் அவ்வளவு அதிகம். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நான்கு மணித்தியாலத்தில் 60 மீன், அடுத்த நான்கில் 25, கடைசி நான்கில் 10 மாட்டுகின்றன என்று வைப்போம். ஏற்கெனவே தொங்கும் மீனில் அடுத்த ஒவ்வொரு நான்கு மணித்தியாலத்திலும் 8 சதவீதம் பறிபோனால், எட்டாவது மணித்தியாலத்தில் கையில் 80, பன்னிரண்டாவதில் 84. நான்கு மணித்தியாலம் காத்ததற்கு நான்கு மீன்தான் கூலி. பறிபோவது 16 சதவீதமானால் எட்டில் 75, பன்னிரண்டில் 73. காத்திருந்ததே நட்டம். அந்த 73இலும் நேரத்தோடு மாட்டியவை பழுதாகத் தொடங்கியிருக்கும்.

தலைகளை எண்ணி இழப்பைக் கணக்கிடுவோர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். முழுதாக உருவிக்கொண்டு போன மீன் ஒரு தடயமும் விடாது. உண்மையான இழப்பு எண்ணிய தலைகளைவிடக் கூடவே இருக்கும்.

இரண்டு முறை போய் இழுக்க மண்ணெண்ணெய்ச் செலவு இடம் கொடுக்காது. ஆனால் இழுக்கும் நேரத்தை மாற்றாமல், போடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளலாம். பின்னேரம் ஐந்து மணிக்குப் போடுவதை இரவு பத்து மணிக்குப் போட்டால் எரிபொருள் அதேதான். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இது எல்லா இடத்துக்கும் சரிவராது. காற்று விடும் நேரந்தான் போடும் நேரம். டொல்பின் கூட்டத்தைக் கண்டபின் அரைக் கிலோமீற்றர் தள்ளிப் போடுவதில் பயன் இல்லை. அந்தத் தூரம் அதற்குச் சில நிமிட நீச்சல். கழிவு மீனை வலைக்கு அருகில் கொட்டுவதும் அதைப் பழக்குகிற வேலைதான்.

டொல்பினை விரட்ட வலையில் கட்டும் ஒலிக் கருவிகளில் வழக்கமான வகை ஏறத்தாழ 10 கிலோஹேட்ஸில் நான்கு விநாடிக்கு ஒருமுறை சிறு ஒலி எழுப்பும். நூறு மீற்றருக்கு ஒன்று என்றால் ஒரு கிலோமீற்றர் வலைக்குப் பதினொன்று வேண்டும். இடையில் ஒன்றின் பற்றரி செத்தால் அந்த இடம் திறந்த வாசல். டொல்பினுக்கு உறவான, கூச்சமுள்ள கடற்பன்றிகள் வலையில் மாட்டிச் சாவதைக் குறைக்க இவை நன்றாக உதவுகின்றன. ஆனால் வலையிலிருந்து தின்னப் பழகிய டொல்பினுக்கு அதே ஒலி வலை இருக்கும் இடத்தைச் சொல்லிக் கொடுக்கவும் கூடும். இழப்பைக் குறைக்க மட்டும் இதை வாங்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

யாழ்ப்பாணக் கடனீரேரியில் கதை வேறு. குருநகர், பாசையூர், மண்டைதீவுப் பக்கத்து ஆழமற்ற தண்ணீரில் கம்பு நட்டுக் கட்டும் களங்கண்டி, சிறகுவலைகளில் வந்து நிற்பவை நீர்க்காகமும் கொக்கும். நீர்க்காகத்தின் இறகில் தண்ணீர் ஊறுவதால் மூழ்குவது அதற்கு இலகு. வெளியே வந்ததும் சிறகை விரித்துக் காய வைக்க வேண்டும். காய வைக்க உங்கள் கம்புகளையே பயன்படுத்துகிறது. கம்பின் தலையில் தளர்வாகச் சுழலும் பிளாஸ்ரிக் குழாய்த் துண்டைக் கவிழ்த்துவிட்டால் கால் நிற்காது. மீன் சேரும் அறையின் மேல் வலை விரிப்பதாயின் இறுக்கிக் கட்டுங்கள். தொய்ந்தால் பறவை மாட்டும், அதை அவிழ்க்கும்போது கையில் கொத்தும். வெடி கொளுத்தினால் சில நாள் பலன். பிறகு வெடிக்குப் பயப்படாத பறவைகள்தான் மிஞ்சும். அவை தின்பதில் பெரும்பகுதி விலைபோகாத சிறுமீன் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆமையைப் பொறுத்தவரை இழப்பு இரண்டு பக்கமும். கடற்புல் மேய வரும் பேராமை வழியில் வலை இருந்ததால் மாட்டுகிறது. சிற்றாமை வலையில் கிடக்கும் நண்டைத் தேடியும் வரும். பெரு நாட்டின் செச்சூரா விரிகுடாவில் மேற்கயிற்றில் பத்து மீற்றருக்கு ஒரு பச்சை எல்இடி விளக்குக் கட்டிப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி பேராமை மாட்டுவது ஏறத்தாழ 64 சதவீதம் குறைந்தது. குறிவைத்த மீனின் பிடி குறையவில்லை. ஒரு கிலோமீற்றருக்கு நூறு விளக்கு என்பதால் செலவு கூட. இங்கே ஒளி பாய்ச்சி மீன்பிடிக்கக் கட்டுப்பாடு இருப்பதால் கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டுவிட்டுக் கட்டுவது நல்லது.

அசையாமல் வரும் ஆமை செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஓய்வில் மணிக்கணக்காக மூச்சடக்கும் ஆமை, வலையில் போராடும்போது பிராணவாயு சீக்கிரம் தீர்ந்து மயங்கிவிடும். வயிறு கீழே இருக்க வையுங்கள், மல்லாத்த வேண்டாம். பின்பக்கத்தைக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் உயர்த்தினால் நுரையீரல் தண்ணீர் வடியும். நிழலில், ஈரத்துணி போர்த்தி, மூக்கை மூடாமல் வைத்து, இடைக்கிடை கண்ணிமையையும் வாலையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நான்கு மணித்தியாலம் முதல் ஒரு நாள் வரை எடுக்கலாம். தெளிந்ததும் எஞ்சினை நிறுத்தி, வலை இல்லாத பக்கம் தலை முன்னாக இறக்கிவிடுங்கள். தெளியுமுன் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். இலங்கைக் கடலுக்கு வரும் ஐந்து வகை ஆமைகளும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கரைக்குக் கொண்டுவருவதாயின் அதிகாரிகளுக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

ஆமை போட்ட பொத்தலை அப்படியே பொத்தத் தொடங்கினால் வலை சுருங்கி, அந்த இடத்தில் மீன் பிடிக்காது. முதலில் வெட்டித் திருத்த வேண்டும்: தொடங்கும் முடிச்சிலும் முடியும் முடிச்சிலும் மூன்று நூல் நிற்க, விளிம்பின் மற்ற முடிச்சுகளில் எல்லாம் இரண்டு நூல் நிற்க. விட்டம் ஒரு பாகத்தை (இரு கையையும் விரித்த நீளம்) தாண்டிவிட்டால் அதே கண்ணளவில் பழைய வலைத் துண்டு ஒன்றை வைத்து இணைப்பது வேகம்.