தேன்சிட்டுக் கூட்டருகே போனோடு நிற்பவர்களுக்கு

இந்தப் பங்குனியில் இது நான்காவது குஞ்சு. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவில் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஓர் உயிர். கொண்டுவந்தவர் நல்ல மனிதர். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தார். "போட்டோவுக்காகக் கையில எடுத்துட்டோம் டாக்டர். கை பட்டுடுச்சு, அம்மா சேர்த்துக்க மாட்டேங்குது" என்றார். எவ்வளவு நேரம் பார்த்தீங்க என்று கேட்டேன். "காலைல இருந்து பக்கத்துலயேதான் நிக்கிறோம். வரவே இல்ல."

பக்கத்திலேயே நின்றார்கள். அதனால்தான் வரவில்லை.

அவருடைய போனை வாங்கி வீடியோக்களைப் பார்த்தேன். பால்கனியில் துணி காயப்போடும் கம்பியில் தொங்குகிறது கூடு. முதல் வீடியோவில் மணிபிளான்ட் கொடி அதைப் பாதி மறைத்திருக்கிறது. இரண்டாவதில் கொடி இல்லை. கூடு சரியாகத் தெரியவில்லை என்று வெட்டிவிட்டார்கள். மூன்றாவதில் ரிங் லைட். நான்காவதில் திரையின் ஓரமாக, எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரில் ஒரு காகம் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. இரண்டு குஞ்சில் ஒன்றை மறுநாள் காலை அந்தக் காகம் கொண்டுபோனது. மிஞ்சியது என் மேஜைமேல் இருந்தது. இரவு எட்டு மணிக்கு அதுவும் போய்விட்டது.

மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை குஞ்சை ஒதுக்கிவிடும் என்பதை நம் ஊரில் படித்தவர், படிக்காதவர் எல்லாரும் நம்புகிறார்கள். தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். அது உண்மையில்லை. பறவை ஆராய்ச்சி செய்கிறவர்கள் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டித் திரும்ப வைக்கிறார்கள். தாய் வந்து ஊட்டத்தான் செய்கிறது. எத்தனையோ நாள் உட்கார்ந்து அடைகாத்துப் பொரித்த குஞ்சை உங்கள் கைவாசனைக்காக அது கைவிடாது. அதற்குப் பயம் உங்கள் உருவத்தின்மேல்தான். கூட்டிலிருந்து நாலடியில் ஓர் ஆள் நிற்கும்போது கூட்டுக்குள் போனால், குஞ்சு இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதனால் வாயில் புழுவோடு பக்கத்து மரக்கிளையில் உட்கார்ந்து, 'ச்விட், ச்விட்' என்று கத்திக்கொண்டே நீங்கள் போவதற்காகக் காத்திருக்கும். நீங்களோ அது வருவதற்காகக் காத்திருப்பீர்கள். நடுவில் இருக்கும் குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை தீனி வேண்டும்.

கை பட்டால் ஒன்றுமில்லை என்பதால் எடுத்துப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. கூடு கட்டும்போதோ முட்டையிட்ட புதிதிலோ தொந்தரவு செய்தால் தேன்சிட்டு கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடலாம். இறகு முளைத்த குஞ்சுகளாக இருந்தால் பயந்து, பறக்கத் தெரியும் முன்பே வெளியே குதித்துவிடும். போன வாரம் வந்தவை இரண்டும் அப்படிக் குதித்தவைதான்.

அந்தக் கூட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், பறவைகள் விட்டுப்போன பிறகு. கிளினிக்கில் ஒன்று வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டடையில் குப்பை ஒட்டிக்கொண்டு தொங்குவது போலத்தான் இருக்கும். சிலந்தி நூல், தேங்காய் நார், மரப்பட்டைத் துணுக்கு, கம்பளிப்புழு எச்சம், எல்லாம் ஒட்டுப்போட்டது. பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேல் மழைக்குச் சின்னதாக ஒரு தாழ்வாரம், உள்ளே மெத்தென்று பஞ்சு. குப்பையாகத் தெரிய வேண்டும் என்றுதான் அப்படி ஒட்டுப்போடுகிறது. மறைத்திருக்கும் இலையை வெட்டி, வெளிச்சம் போட்டு, நாலு பேர் கூடி நின்றால் அந்த உழைப்பு அத்தனையும் வீண். வெட்டிய கொடி நிழலும் தந்துகொண்டிருந்தது. நம் ஊர் பங்குனி வெயிலில் இறகில்லாத குஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்?

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் "எங்க வீட்ல ஹம்மிங்பேர்ட் கூடு கட்டியிருக்கு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் இருக்கும் பறவை. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. அதைத் தமிழில் தேன்சிட்டு என்றே எழுதிவிடுவதால் வந்த குழப்பம் இது. நம் தோட்டத்தில் இருப்பவை ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, அலகு நீண்ட லோட்டன் தேன்சிட்டு போன்றவை. இரண்டு குடும்பத்துக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஹம்மிங்பேர்டுக்கு உறவு, பனங்காட்டில் பறக்கும் உழவாரன் குருவிதான். சாயங்காலம் இட்லிப்பூச் செடிமுன் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சியதை வீடியோ எடுத்து, ஹம்மிங்பேர்ட்தான் என்று அடித்துச் சொன்னார் ஒருவர். அது ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சி. நிறுத்திப் பார்த்தால் தலையில் உணர்கொம்பு தெரியும்.

பெயர் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். கெடுகிறது. அமெரிக்கக்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பிளாஸ்டிக் ஃபீடர் வாங்கிச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுகிறார்கள். நம் வெயிலில் அது ஒரே நாளில் புளித்துவிடும். அதைவிட மோசம், இங்க் ஃபில்லரால் குஞ்சின் வாயில் சர்க்கரைத் தண்ணீரோ பாலோ விடுவது. பறவைக்கு மூச்சுக்குழாயின் திறப்பு நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. விட்ட தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். என்னிடம் வருவதில் பாதிக் குஞ்சுகள் பட்டினியால் சாகவில்லை, இப்படி ஊட்டியதால்தான் சாகின்றன. தேன்சிட்டு தன் குஞ்சுக்குத் தேனை நம்பி ஊட்டுவதில்லை. சிலந்தியும் சின்னப் பூச்சிகளும்தான் முக்கியத் தீனி. எறும்பும் பூச்சியும் வருகிறது என்று தோட்டத்துக்கு மருந்தடிக்கிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் எடுக்கிறேன். கூட்டை விட்டுவிட்டுப் பூவுக்கு வாருங்கள். முருங்கை பூத்திருந்தால், வாழை தார்விட்டிருந்தால், செம்பருத்தி இருந்தால் போதும். காலை ஏழு மணிக்கு ஜன்னல் திரையைக் கொஞ்சமாக விலக்கி வீட்டுக்குள்ளேயே உட்காருங்கள். செம்பருத்தியில் தேன்சிட்டு முன்வாசல் வழியாகப் போவதே அபூர்வம். பூவின் அடியில் காம்போரம் உட்கார்ந்து, பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தேனை எடுக்கும். அந்த ஒரு காட்சிக்காகவே காத்திருக்கலாம். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். ஆணின் கழுத்தில் ஊதாவும் பச்சையும் மின்னுவது ஒளி படும் கோணத்தைப் பொறுத்தது. கோணம் தவறினால் அதே பறவை கறுப்பாகத் தெரியும், ஃபிளாஷ் போட்டும் பெரிய பலன் இல்லை. கேமரா என்றால் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியிலோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். போன் என்றால் பூவருகே ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.

போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று சண்டைக்குத்தான் அது வருகிறது. பைக் கண்ணாடியைக் கொத்துவதும் அழகு பார்ப்பது இல்லை. தன் நிழலைப் போட்டியாளன் என்று நினைத்து நாள்முழுக்கச் சண்டை போடுகிறது. படம்பிடித்தது போதும், கண்ணாடிமேல் ஒரு துணியைப் போடுங்கள். இன்னொன்று: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். பலருக்கு இது தெரிவதில்லை.

கூடு உங்கள் பால்கனியிலேயே இருந்தால் என்ன செய்வது? துணியை ஒரு மாதம் வேறு இடத்தில் காயப்போடுங்கள். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டரை வாரம், அவ்வளவுதான். எங்கே கட்டியிருக்கிறது என்று வெளியில் பெருமையடிக்க வேண்டாம். பூனையை உள்ளே வையுங்கள்.

கூடு அறுந்து விழுந்திருந்தால் பெட்டியில் போட்டு என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடிவராதீர்கள். ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட்டு, கூட்டை அப்படியே அதற்குள் பொருத்தி, வாசல் அடைபடாமல், முன்பு தொங்கிய இடத்திலேயே சணலால் கட்டுங்கள். குஞ்சு மட்டும் தரையில் கிடந்தால், ரத்தம் இல்லை, இறக்கை தொங்கவில்லை என்றால், கூசாமல் கையால் எடுத்துக் கூட்டுக்குள் விடுங்கள். இறகு முளைத்துத் தத்துவதாக இருந்தால் இலை அடர்ந்த கிளையில் உட்காரவையுங்கள். காயம் இருந்தால் மட்டும் உடனே கொண்டுவாருங்கள். வழியில் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். மற்றபடி ஜன்னலைச் சாத்திவிட்டு, திரையைப் போட்டுவிட்டு, எல்லாரும் உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அதற்குப் பிறகும் தாய் வரவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள்.